ஒரே கையை நம்பிய தொழில்: ட்ரோன் உற்பத்தி கற்பிக்கும் பாடம்

ஒரு தொழில் எவ்வளவு பெரிதாயினும், அதற்கு வேண்டிய பொருள்களில் ஏதேனும் ஒன்று ஒரே கையிலிருந்து வருமாயின், அத்தொழிலின் உயிர் அந்தக் கையிலேயே இருக்கிறது. இவ்வுண்மையை நமது நெசவாள அங்கத்தினர்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தறி நெசவாளியினுடையது, கைத்திறனும் அவருடையது. ஆயினும் நூல் முதலாளியினுடையதாக இருந்த வரையில் கூலியை நிர்ணயித்தவர் முதலாளியே. அந்நிலையை மாற்றுவதற்கென்றே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின.

இன்று உலகில் விரைந்து வளரும் ஒரு தொழில் இதே இடர்ப்பாட்டில் சிக்கியிருக்கிறது. ட்ரோன் என்று வழங்கும் ஆளில்லாச் சிறு வானூர்தியைச் செய்யும் தொழிலே அது. பயிருக்கு மருந்து தெளிக்கவும், நிலத்தை அளக்கவும், வெள்ளத்தில் சிக்கியோரைத் தேடவும், போர்க்களத்திலும் இவ்வூர்திகள் பயன்படுகின்றன. அவற்றைச் செய்வதற்கு வேண்டிய முக்கிய உறுப்புகள் பெரும்பாலும் சீனா ஒன்றிலிருந்தே வருகின்றன. நாடுகளுக்கிடையே பிணக்கு முற்றும்போதெல்லாம் அவ்வுறுப்புகளின் வரவு தடைப்படுகிறது.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2022 ஜனவரியில் மத்திய அரசாங்கம் வகுத்த விதிகளின்படி, வாடகை மையம் நடத்தும் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் ட்ரோன் வாங்கினால் விலையில் 40 சதவீதம், 4 லட்ச ரூபாய்க்கு மிகாமல், உதவித் தொகை பெற வகை செய்யப்பட்டது. 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘நமோ டிரோன் தீதி’ திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் அளிப்பதற்கென 1,261 கோடி ரூபாயை ஒதுக்கியது. அதில் உதவித் தொகை விலையில் 80 சதவீதம், 8 லட்ச ரூபாய்க்கு மிகாமல். எஞ்சிய தொகைக்குப் பெரும்பாலோர் கடனையே நாட வேண்டியிருக்கிறது. பாட்டரி ஒன்று கிடைக்காமையால் மருந்தடிக்கும் பருவத்தில் யந்திரம் கொட்டகையில் கிடக்குமாயின், வாடகை வரவு நின்றுவிடும். கடன் தவணை நிற்காது. ஆகவே இத்தொழிலின் நிலையை நமது அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

யந்திரத்தினுள் என்ன இருக்கிறது?

ட்ரோனைப் பிரித்துப் பார்த்தால் நான்கு முக்கியப் பகுதிகள் புலப்படும். முதலாவது, கரியிழையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சட்டமும், மருந்துத் தொட்டியும், இறக்கைகளும். இவற்றை எந்த நாட்டிலும் ஓரளவு எளிதாகச் செய்துகொள்ளலாம். இரண்டாவது, பறத்தலைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையும் அதனை இயக்கும் மென்பொருளும். மென்பொருளில் ‘ஆர்டுபைலட்’, ‘பி.எக்ஸ்.4’ போன்றவை யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டவை; அவற்றை எடுத்தாள எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. பலகையில் பதிக்கும் நுண்சில்லுகளோ வெளியிலிருந்து வர வேண்டியவை.

மூன்றாவது மோட்டார். இதன் வலிமை இதனுள் இருக்கும் காந்தத்தில் அடங்கியிருக்கிறது. நியோடைமியம், இரும்பு, போரான் ஆகியவை கலந்த அக்காந்தம் சாதாரணக் காந்தத்தைவிடப் பன்மடங்கு வலிமையுடையது. அதனால்தான் சிறிய மோட்டார் பெரிய பாரத்தைத் தூக்குகிறது. மோட்டார் சூடேறும்போது காந்தம் வலிமை இழவாதிருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் ஆகிய உலோகங்களைச் சிறிதளவு சேர்க்கின்றனர். இவை அருமண் உலோகங்கள் எனப்படும். உலகில் இவ்வகைக் காந்தங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவிலேயே செய்யப்படுகின்றன.

நான்காவது லித்தியம் பாட்டரி. மருந்துத் தொட்டியுடன் பறக்கும் ஊர்தி ஒரு முறை மின்னேற்றத்தில் சில நிமிஷங்களே பறக்கும். ஆதலால் பல ஜோடி பாட்டரிகளை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். சில நூறு முறை மின்னேற்றியபின் பாட்டரி தளர்ந்துவிடும். எனவே, ஒரு முறை வாங்கி முடியும் செலவன்று இது. நூலைப் போல மீண்டும் மீண்டும் வாங்க வேண்டிய சரக்கு. இதன் உற்பத்தியிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சீனாவினுடையது.

எனவே, ‘இந்த ட்ரோன் எங்கே பூட்டப்பட்டது?’ என்று கேட்டால் மட்டும் போதாது. அதன் காந்தமும் மின்கலமும் எங்கே ஆயின என்பதே கேட்கத்தக்க கேள்வி.

சாயத் தொழிலில் நேர்ந்தது

இத்தகைய நெருக்கடி நெசவுத் தொழிலுக்குப் புதிதன்று. 1914-ஆம் ஆண்டுக்கு முன் உலகின் செயற்கைச் சாயத்தில் பெரும்பங்கு ஜெர்மனியில் செய்யப்பட்டது. நமது சாயவேரையும் அவுரியையும் ஒதுக்கிவிட்டு, மலிவும் எளிமையும் கருதி, நம்நாட்டுச் சாயக்காரர்களும் ஜெர்மன் அலிஜரின் சிவப்பையும் செயற்கை நீலத்தையுமே நம்பலாயினர். அவ்வாண்டு ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. கப்பல் வரவு நின்றது. சாயத்தின் விலை ஏறியது. தனது சிப்பாய்களின் சீருடைக்குச் சாயம் தோய்க்கவே பிரிட்டன் திண்டாடியது.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி இரண்டு. பிரிட்டன் 1915-இல் அரசாங்கத்தின் துணையோடு சொந்தச் சாயக் கம்பெனியை நிறுவியதோடு நில்லாமல், 1920-இல் ஒரு சட்டமும் செய்து, அனுமதியின்றி வெளிநாட்டுச் சாயம் வருவதைப் பத்தாண்டுக் காலத்துக்குத் தடுத்தது. அத்தொழில் நிலைபெற்றது. நம்நாட்டிலோ யுத்த காலத்தில் அவுரிச் சாகுபடி திடீரென்று தழைத்தது. சமாதானம் வந்து மலிவுச் சாயம் திரும்பியதும் மறுபடி வாடிவிட்டது. நெருக்கடியில் மட்டும் தேடப்படும் மாற்று வழி, நெருக்கடியோடு மறைந்துபோகும். நல்ல காலத்திலும் அதனிடம் வாங்குவோர் இருந்தால்தான் அது அடுத்த நெருக்கடிக்கு உதவும்.

ஒரு பாட்டரியால் வந்த தடை

இனி, ட்ரோன் தொழிலில் அண்மையில் நிகழ்ந்ததைக் காண்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ‘ஸ்கைடியோ’ என்னும் நிறுவனம் 2014-இல் தொடங்கப்பட்டது. தனது ட்ரோன்களை அமெரிக்காவிலேயே செய்வதை அது பெருமையாகக் கொண்டிருந்தது. பல உறுப்புகளின் கொள்முதலைச் சீனாவிலிருந்து வேறு நாடுகளுக்கு மாற்றியும் விட்டது. ஆனால் பாட்டரி மட்டும் சீனாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

2024 அக்டோபரில், தைவானுக்கு ட்ரோன் விற்றதைக் காரணம் காட்டிச் சீன அரசாங்கம் அந்நிறுவனத்தின் மீது தடை விதித்தது. தைவானில் தன்னிடம் வாங்கியது அந்நாட்டுத் தீயணைப்புத் துறையே என்று நிறுவனம் கூறிற்று. அதனால் பயனில்லை, பாட்டரி வரவு நின்றது. வேறிடத்தில் பாட்டரி பெறுவதற்கு 2025 வசந்த காலம் வரை ஆகும் என்று அறிவித்த நிறுவனம், அதுவரை ஒரு ட்ரோனுக்கு ஒரு பாட்டரி மட்டுமே அளிக்க முடியும் எனப் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. தொழிற்சாலை இருந்தது, தொழிலாளர் இருந்தனர், வாங்குவோரும் இருந்தனர். நூற்றுக்கணக்கான உறுப்புகளில் ஒன்று மட்டும் இல்லை.

கோடையில் ஏரிநீர் எவ்வளவு இருப்பினும், மதகு எவ்வளவு அகலமோ அவ்வளவே வயலுக்குப் பாயும். தொழிலிலும் அப்படித்தான். தொண்ணூற்றொன்பது உறுப்புகளுக்கு மாற்று இருந்து, ஒன்றுக்கு இல்லையெனில், அந்த ஒன்றே முழுத் தொழிலின் அளவு.

கதவு இரு பக்கமும் அடைபடுகிறது

விற்கும் நாடு மட்டுமே கதவை அடைப்பதாகக் கருதிவிடலாகாது. வாங்கும் நாடும் அடைக்கிறது. உலக ட்ரோன் விற்பனையில் மிகப் பெரும்பங்கு கொண்ட சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனத்தை 2020 டிசம்பரில் அமெரிக்கா தனது கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2023 செப்டம்பர் முதல் சில வகை ட்ரோன்களையும் அவற்றின் உறுப்புகளையும் அனுமதியின்றி ஏற்றுமதி செய்யலாகாது என்று சீனா விதித்தது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் உலோகங்களும் அவற்றாலான காந்தங்களும் அனுமதிக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் சீனா கட்டுப்பாட்டை மேலும் விரிவாக்கிற்று. இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தபின், நவம்பரில், அவ்விரிவு ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 2025 டிசம்பர் 22-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் வெளிநாடுகளில் ஆகும் ட்ரோன்களையும் அவற்றின் முக்கிய உறுப்புகளையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற வகைகளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். புதிய வகைகளுக்கு அனுமதி இல்லை என்பது அதன் பொருள். மருந்து தெளிப்பதற்குச் சீன ட்ரோன்களை வாங்கியிருந்த அமெரிக்க விவசாயிகள் பலர் எதிர்காலத்தில் உதிரிப்பாகங்களுக்கு என் செய்வது என்ற கவலைக்கு உள்ளாயினர்.

ஒரு கட்டுப்பாடு வருகிறது. சில மாதங்களில் தளர்கிறது. மறுபடி வேறோர் உருவில் வருகிறது. விலை ஏறினால் கணக்கில் ஏற்றிவிடலாம். அடுத்த மாதம் சரக்கு வருமா வராதா என்னும் நிச்சயமின்மையை எந்தக் கணக்கிலும் ஏற்ற இயலாது. தொழிலை முடக்குவது பெரும்பாலும் இதுவே.

நமது நாட்டின் நிலை

இந்தியாவில் 2021-இல் ட்ரோன் விதிகள் வகுக்கப்பட்டன; உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கமளிக்க 120 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 9-இல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி, சில விலக்குகளுடன், தடை செய்யப்பட்டது. ஆனால் உறுப்புகளின் இறக்குமதிக்குத் தடையில்லை. ஏனெனில் அவை இல்லாமல் இங்கே ஒன்றையும் பூட்ட முடியாது. இதனால் பூட்டும் தொழில் வளர்ந்தது; உறுப்புகளைச் செய்யும் தொழில் அதே வேகத்தில் வளரவில்லை. சீன உறுப்புகள் இருந்தமையால், படைக்கென 400 ட்ரோன்கள் வாங்கச் செய்திருந்த ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது என்ற செய்தி 2025 பிப்ரவரியில் வெளியாயிற்று. வெளியே சுதேசி முத்திரை, உள்ளே வெளிநாட்டுச் சரக்கு என்ற நிலை நீடிக்க முடியாது என்பதற்கு இது ஓர் அறிகுறி.

காந்தத்துக்கு வேண்டிய மூலப்பொருள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1909-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஜெர்மானியர் ஒருவர் அதில் மோனசைட் என்னும் தாதுவைக் கண்டார். அம்மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சேர்ந்தது. அன்று காஸ் விளக்கின் மாண்டிலுக்காகத் தேடப்பட்ட அத்தாதுவில்தான் இன்று தேடப்படும் நியோடைமியமும் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமாகிய ஐ.ஆர்.இ.எல். அங்கே இன்றும் மணல் எடுக்கிறது.

பருத்தி விளைந்தால் மட்டும் வேட்டி ஆகிவிடாது. அரைத்தல், நூற்றல், பாவோட்டல், நெய்தல் என்று பல படிகள் உண்டு. அதுபோலவே தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தல், கலத்தல், காந்தமாக்கல் என்னும் படிகள் ஒவ்வொன்றுக்கும் ஆலையும் அனுபவமும் வேண்டும். அப்படிகள்தாம் நம்மிடம் குறைவு. 2025 நவம்பர் 26-இல் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தம் செய்யும் ஆற்றலை நாட்டில் உண்டாக்குவது அதன் நோக்கம். இவை பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும்.

சார்பைக் குறைக்கும் வழிகள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் உள்நாட்டில் செய்துகொள்வோம் என்பது ஆசையேயன்றித் திட்டமாகாது. அறிந்தோர் கையாளும் வழிகள் பின்வருமாறு:

முதலில் கணக்கெடுப்பு. ஒவ்வோர் உறுப்பையும் எழுதி, அதனை விற்போர் எத்தனை பேர், ஒருவர் நின்றுவிட்டால் மற்றொருவரைத் தேட எத்தனை மாதம் ஆகும் என்று குறித்தல் வேண்டும். விலையுயர்ந்த உறுப்பே ஆபத்தான உறுப்பு என்று எண்ணுதல் தவறு. ஒருவரே விற்கும் உறுப்புதான் ஆபத்தானது.

இரண்டாவது, மெய்யான மாற்று. இரண்டு கடைகளில் நூல் வாங்கினாலும், இரு கடைக்காரரும் ஒரே ஆலையில் கொள்முதல் செய்வாராயின், நமக்கு விற்பவர் ஒருவரே. பாட்டரி செய்வோர் இருவராயினும் உள்ளிருக்கும் மின்கலம் ஒரே தொழிற்சாலையினுடையதா என்று ஆராய வேண்டும்.

மூன்றாவது, கையிருப்பு. காந்தத்தையும் மோட்டாரையும் சேமித்து வைக்கலாம். பாட்டரியை அப்படிக் குவித்து வைக்க இயலாது. பயன்படுத்தாமல் வைத்தாலும் அது நாளடைவில் தளரும். எனவே கையிருப்பு சில மாத அவகாசத்தைத்தான் வாங்கித் தரும்; மாற்று வழிக்கு ஈடாகாது.

நான்காவது, பொது அளவு. பல உற்பத்தியாளரின் பாட்டரியும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அளவுகள் அமைந்தால் ஒருவரின் பிடி தளரும்.

ஐந்தாவதும் முதன்மையானதுமாகிய வழி, மாற்று உற்பத்தியாளருக்குக் கொள்முதல் உறுதி. 2010 செப்டம்பரில் சீனாவுடன் பிணக்கு நேர்ந்து அருமண் வரவு தடைப்பட்டபோது, ஜப்பான் விழித்துக்கொண்டது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் அளித்து, அதன் உற்பத்தியைத் தொடர்ந்து வாங்கியது. ஏறத்தாழ 90 சதவீதமாக இருந்த அதன் சார்பு பிற்பாடு 60 சதவீத அளவுக்கு இறங்கிற்று. அந்நிறுவனத்தின் மலேசிய ஆலை 2025 மே மாதத்தில் டிஸ்புரோசியத்தையும் பிரித்தெடுத்தது. இவ்வளவுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்க அரசாங்கமும் 2025 ஜூலையில் தன்னாட்டுச் சுரங்க நிறுவனமொன்றுக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்ற குறைந்தபட்ச விலையைப் பத்தாண்டுக்கு உறுதியளித்தது. நெல்லுக்கு ஆதார விலை எதற்கு என்பதை அறிந்த நமது விவசாயிகளுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இதற்கெல்லாம் செலவு உண்டு. மாற்றுச் சரக்கு தொடக்கத்தில் விலை கூடியதாகவே இருக்கும். சங்கம் தோன்றியதும் வியாபாரி விலையைக் குறைப்பார். அங்கத்தினர் அவரிடம் திரும்பிச் செல்வார். சங்கம் மூடப்பட்டதும் விலை மறுபடி ஏறும். நாம் தணிக்கை செய்யும் ஊர்களில் இதனைக் காணாத ஊர் அரிது. அருமண் விஷயத்திலும் மலிவு விலையால் மாற்று ஆலைகள் முன்பு மூடப்பட்டதுண்டு. சற்றே கூடுதலாகக் கொடுக்கும் விலையை நஷ்டம் என்று கருதாமல், இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று கருதுவதே அறிவுடைமை.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

ட்ரோன் வாங்க எண்ணும் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன் இவற்றைக் கவனித்தல் நலம்:

1. பாட்டரி, மோட்டார், மின்னணுப் பலகை ஆகியவை எந்நாட்டில் ஆனவை என்பதை விற்பவரிடம் எழுத்து மூலம் பெறுக.

2. வேறு உற்பத்தியாளரின் பாட்டரி அந்த யந்திரத்தில் பொருந்துமா, அதற்கு அரசாங்க வகைச் சான்றிதழ் இடமளிக்கிறதா என்று கேட்டறிக. சான்றுக்குப் புறம்பான உறுப்பை நம் விருப்பப்படி பொருத்துதல் கூடாது.

3. உதிரிப்பாகங்களின் விலையையும், எத்தனை நாளில் தரப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்குக. பருவ காலத்தில் தாமதமானால் ஈடு என்ன என்பதும் அதில் இருத்தல் வேண்டும்.

4. மகளிர் குழுக்களுக்கான திட்டத்தில் நான்கு கூடுதல் பாட்டரித் தொகுதிகள் சேர்ந்துள்ளன. சொந்தமாக வாங்கும் சங்கமும் அத்தேவையை விலைக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்க. பருவமில்லாத காலத்தில் பாட்டரியைப் பாதியளவு மின்னேற்றத்தில், குளிர்ந்த இடத்தில் வைத்து, எத்தனை முறை மின்னேற்றப்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதி வருக.

5. வாடகை வரவில் ஒரு பகுதியைப் பாட்டரி நிதியாகத் தனியே ஒதுக்குக. அதனை லாபமாகப் பிரித்துவிட்டால், மூன்றாம் ஆண்டில் மறுபடியும் கடனே கதி.

6. அண்டைச் சங்கங்கள் ஒன்றுகூடிக் கொள்முதல் செய்க. தனிச் சங்கத்தின் கேள்விக்கு மறுமொழி கூறாத விற்பனையாளர், இருபது சங்கங்களின் கேள்வியைப் புறக்கணிக்க மாட்டார். உதிரிப்பாக இருப்பையும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

7. ட்ரோன் வந்துவிட்டது என்று கைத்தெளிப்பான்களையும் விசைத்தெளிப்பான்களையும் விற்றுவிட வேண்டாம். அவையும் ஒரு மாற்று வழியே.

புதிய யந்திரங்களை அஞ்சி ஒதுக்குதல் நமது நோக்கமன்று. ஆள் பற்றாக்குறையும் மருந்தின் நச்சும் விவசாயியை வருத்தும் இக்காலத்தில் அவற்றின் உதவி பெரிது. வாங்கும்போதே அடுத்த பாட்டரி யாரிடமிருந்து, எப்போது, என்ன விலைக்கு வரும் என்று கேட்கும் பழக்கம் மட்டும் நமக்கு வேண்டும். அக்கேள்விக்கு இரண்டு தனித்தனி விடைகள் கிடைக்கும் யந்திரத்தையே சங்கங்கள் தேர்ந்தெடுக்குமாயின், உறுப்புகளைச் செய்ய முன்வரும் உள்நாட்டு உற்பத்தியாளருக்கும் அது ஊக்கமாகும். அங்கத்தினரின் பணத்துக்கும் அது காப்பாகும்.